அப்பன் பக்கம், அம்மா பக்கம்

அக்டோபர் 4, சனி

குமரேசா, அடுத்த மாதம் போர் போடும் இரண்டாவது ரிக் வண்டியை நீதான் கொண்டு வரப்போகிறாய் என்று முதலாளி சொல்லிவிட்டார். வழியைப் பற்றி எழுதி வையுங்கள், மச்சினனுக்கு உதவும் என்றார். எழுதுவதென்றால் எனக்கு வேப்பங்காய். ஆனாலும் நீ எங்காவது வண்டியைக் கவிழ்த்துவிட்டால் உன் அக்காளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நாடு பெரு. திருச்செங்கோட்டு ரிக் போகாத ஊர் உண்டா என்று நாம் பீற்றிக்கொள்வோமே, அப்படிப் போகாத ஊர் இதுதான் என்று நினைத்தேன். இதற்கும் வந்தாயிற்று. மலைமேல் யானாகோச்சா என்று ஒரு கிராமம். அதற்கு மேலே இருந்த பனி குறைந்துபோய் ஊற்று வற்றிவிட்டது. கழுதையின் முதுகில் தண்ணீர் சுமந்து குடிக்கிறார்கள். அங்கே போர் போட வேண்டும். ஏற்பாடு செய்தது ஒரு கன்னியர் மடம். அந்த மடத்தில் சிஸ்டர் பிரகாசி என்று நம் நாட்டுக்காரர் ஒருவர், வடக்கன்குளத்துப் பக்கம். இந்த ஊர்ப் பாஷை தண்ணீர்பட்ட பாடு. நமக்கு வாயும் காதும் அவர்தான். என்னை அண்ணாச்சி என்கிறார். மளிகைக் கடைக்காரனைக் கூப்பிடுவது போலிருக்கிறது, சொன்னால் சிரிக்கிறார், மாற்ற மாட்டேன் என்கிறார்.

இங்கே எல்லாம் தலைகீழ். ஸ்டீயரிங் இடது பக்கம், கியர் வலது கையில், வண்டி போவது ரோட்டின் வலது ஓரத்தில். கடற்கரை ஊரில் ஒரு மாதம் வெறும் வண்டியை ஓட்டிப் பழகினேன். இத்தனை வருஷம் ஓட்டியவன் எல்.போர்டுக்காரனைப் போல வியர்த்தேன். கடைசியில் டிரில்லர் நல்லசிவம் ஒரு வழி கண்டுபிடித்தான். நம் மலைமேல் இருக்கிற சாமிக்கு வலது பாதி அப்பன், இடது பாதி அம்மா. அதனால் வளைவுக்கு வளைவு, "அப்பன் பக்கமுங்ணா, அப்பன் பக்கம்" என்று கத்துவான். எனக்கு அந்தச் சாமி பெயரையே வைத்திருக்கிறார்கள், அர்த்தநாரி என்று. அது உடனே மண்டையில் ஏறிவிட்டது. நீயும் அப்படியே பழகிக்கொள்.

அக்டோபர் 6, திங்கள்

மலையடிவாரத்து டவுனில் தங்கல். நாளை ஏற்றம்.

இதுவரை வந்த ரோடு: தார் நன்றாக இருக்கிறது, ஆனால் பள்ளத்தாக்கு குறுகும் இடங்களில் மேலிருந்து கல் உருளும். விழுந்த கல்லை ஒதுக்கிவிட்டுப் போகிறார்கள், யாரும் அலட்டிக்கொள்வதில்லை. யூகலிப்டஸ் மரங்கள் தாண்டியதும் காற்று இளைக்கும். நான்கு படி ஏறினால் நாற்பது படி ஏறியது போல நெஞ்சு அடிக்கும். இங்கே ஒரு இலை தருகிறார்கள், வெற்றிலை மாதிரி கடைவாயில் அடக்கிக்கொள்ள வேண்டும், தலைவலி கேட்கும். டீசல் டாங்கை இங்கேயே நிரப்பு. மேலே கிடைக்காது.

யானாகோச்சாவின் தண்ணீர்க் கமிட்டித் தலைவர் தெயோபிலோ எங்களை வழிநடத்த வந்திருக்கிறார். வெள்ளைப் பிக்கப் வண்டி, பழுப்புத் தொப்பி, முன்பல் ஒன்று வெள்ளி. மனிதர் ஒரு இடத்தில் நிற்க மாட்டார். ரிக்கைத் தொட்டுப் பார்த்தார், துளைக்கிற ராடுகளைத் தட்டிப் பார்த்தார், டயருக்கு ஒரு உதை விட்டார். "இந்தத் தும்பிக்கை எவ்வளவு ஆழம் குடிக்கும்னு கேக்காரு அண்ணாச்சி" என்றார் சிஸ்டர். தண்ணீர் இருக்கிற வரைக்கும் என்றேன். அதைக் கேட்டு என் முதுகில் அறைந்தார். வீட்டில் சம்சாரம் நியெவெஸ் எங்களுக்காக ஆடு அடிக்கக் காத்திருக்கிறாராம். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று.

ஒன்று சொல்ல வேண்டும் உனக்கு. ஏற்றத்தில் நம் வண்டி ஆமை. பின்னால் சின்ன வண்டிகள் சேர்ந்துவிடும். பின்னால் வருகிறவனுக்கு முன்னால் இருப்பது தெரியாது, நமக்குத்தான் தெரியும். அவனுக்கு வழி சொல்வது பெரிய வண்டிக்காரனின் கடமை. வலது விளக்கு போட்டால் 'எதிரில் வண்டி, வராதே'. இடது விளக்கு போட்டால் 'ரோடு காலி, போ'. எந்த ஆர்டிஓவும் இதைச் சொல்லித் தரவில்லை. கிளீனராக இருந்தபோது சங்ககிரி ரோட்டில் கற்றது. ஊர் மாறினாலும் அதை விட்டுவிடாதே.

அக்டோபர் 7

இன்று எழுத முடியவில்லை.

அக்டோபர் 8, புதன்

நேற்று மதியம், கணவாய்க்குச் சற்று முன்னால் உள்ள கொண்டை ஊசி வளைவில், தெயோபிலோ செத்துப்போனார்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். காலையில் அவர்தான் முன்னால் போனார். ஆற்றுப் பாலத்தில் பலகைகள் ஆடுகின்றன என்று இறங்கி நின்று எங்களைக் கை காட்டிக் கடக்க வைத்தார். அதில் அவர் பின்தங்கிவிட்டார். அதற்குப் பிறகு ஏற்றம் முழுக்க எங்களுக்குப் பின்னால். ரோடு மண்ரோடு, வரிவரியாக, பல் ஆடுகிற மாதிரி குலுக்கும். வலது பக்கம் மலை, இடது பக்கம் பள்ளம். அடியில் ஆறு நூல் மாதிரி தெரியும். அவர் முன்னால் போக வேண்டும் என்று இரண்டு இரண்டு முறையாக ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். ஊருக்கு முதலில் போய் ஆட்டையும் மேளக்காரர்களையும் தயாராக வைக்க வேண்டுமாம்.

வளைவு நெருங்கும்போது மேலே புழுதி தெரிந்தது. சுரங்கத்து லாரி ஒன்று பாரத்தோடு இறங்குகிறது. பின்னால் இருக்கும் அவருக்கு அது தெரியாது. நான் உடனே வலது விளக்கைப் போட்டேன். யோசித்துப் போடவில்லை, கை தானாகப் போயிற்று. நான் விளக்கு போட்டதும் அவர் வண்டியை வெளியே எடுத்தார்.

என் ஜன்னலுக்கு நேராக வந்தபோது கையைத் தூக்கி ஆட்டினார், நன்றி சொல்கிறவர் மாதிரி. வெள்ளிப் பல் தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னமும் பிடிபடவில்லை. அடுத்த நொடி லாரி வளைவில் வந்துவிட்டது. அவர் ஒடித்தார். ஒடிக்க இடது பக்கம் மட்டும்தான் இடம் இருந்தது, அது இடமே இல்லை.

பிக்கப்பின் பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய மச்சினன் ரோட்டிலேயே தெறித்து விழுந்தார், கால் முறிவு. தெயோபிலோவை மேலே கொண்டுவர ரிக்கின் வின்ச் ரோப்பைத்தான் இறக்கினோம். நல்லசிவம் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். ராடு தூக்குகிற ரோப்பில் ஒரு மனிதரைத் தூக்கினேன். சிஸ்டர் தரையில் மண்டியிட்டுச் செபம் சொன்னார். காற்றில் எனக்குப் பாதிதான் கேட்டது.

நான் வராதே என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. இதில் என் மேல் ஒரு தூசு கிடையாது.

அக்டோபர் 10, வெள்ளி

அடக்கம் முடிந்தது. வேலையை நிறுத்தி வைப்போமா என்று சிஸ்டர் மூலம் கேட்டேன். வேண்டாம், அவர் கொண்டுவந்த வண்டி, அது நிற்கக் கூடாது என்று நியெவெஸ் சொல்லிவிட்டார். இன்று வேலை தொடங்க ரிக்கின் கம்பத்தை நிமிர்த்தினோம்.

எங்களுக்குச் சமைத்துப் போடுவது தெயோபிலோ வீட்டின் பொறுப்பாக இருந்ததாம். அதனால் அந்த அம்மாளே சமைக்கிறார். கறுப்புப் பாவாடை, கறுப்புத் தொப்பி. உருளைக்கிழங்கு சூப்பை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். குடித்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

போலீஸ்காரர் ஒருவர் டவுனிலிருந்து வந்தார். ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் விசாரணை. கால்கட்டோடு தெயோபிலோவின் மச்சினனும் இருந்தார். அவர் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"முன்னால போன வண்டி லைட்டு போட்டதுன்னு இவரு சொல்லுதாரு. நீங்க போட்டீங்களான்னு போலீஸ்காரரு கேக்காரு" என்றார் சிஸ்டர்.

எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. பார்த்த சாட்சியே இருக்கிறது. "போட்டனுங்க. என் கையாலதான் போட்டேன். வலது பக்கம்."

போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். வலதா என்று திரும்பக் கேட்டார்.

"வலதுதானுங்க. அதுல சந்தேகமே இல்லை."

மச்சினன் கண்ணை மூடிக்கொண்டார். போலீஸ்காரர் ஏதோ முணுமுணுத்து எழுதி முடித்தார். விளக்கு போடுவது ஒரு மரியாதைக்குத்தான், சட்டம் இல்லை, பார்த்து முந்துவது முந்துகிறவன் பொறுப்பு, இறந்தவர் அவசரப்பட்டார், அவ்வளவுதான் என்று சொன்னாராம். ஆள் நியாயஸ்தர். நல்லசிவம் என் தோளைத் தட்டினான்.

அக்டோபர் 15

இந்த ஜனங்களை எனக்குப் புரியவில்லை. கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன். அதற்கு இந்த முகமா? நேற்றிலிருந்து யாரும் ரிக்கின் பக்கம் வருவதில்லை. அதுவரை எங்களோடு சேர்ந்து ராடு தூக்கியவர்கள் தூரத்தில் கல்லின்மேல் உட்கார்ந்து பார்க்கிறார்கள். சூப்புக் கிண்ணம் வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் தரையில் வைக்கப்பட்டிருக்கிறது. நாய்க்கு வைப்பது போல என்று நல்லசிவத்துக்குக் கோபம். நான் அதட்டினேன். எனக்கும் கோபம்தான்.

சாயங்காலம் நியெவெஸ் தானாகவே வந்தார், சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு. என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் அவரை விட்டீங்கன்னு கேக்காவ அண்ணாச்சி."

"நான் விடலையே சிஸ்டர். விடவே இல்லைன்னு சொல்லுங்க."

சிஸ்டர் சொன்னார். அந்த அம்மாள் என்னையே பார்த்தார். பிறகு வண்டியின் பின்னால் போய் அந்த விளக்குகளைப் பார்த்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொய்யனைப் பார்க்கிற பார்வை அது. என் வாழ்நாளில் அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை.

அக்டோபர் 18

பாறை. வெறும் பாறை. ஹாமர் அடிக்க அடிக்கச் சாம்பல் நிறப் புழுதிதான் வருகிறது. துளைக்கிற பிட் ஒன்று தேய்ந்துவிட்டது. சாயங்காலமானால் கணவாயின் மேல் மேகம் கூடுகிறது. மழை தொடங்கினால் அந்த மண்ரோடு சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிடும், வண்டி இறங்காது என்கிறார் சிஸ்டர். அதற்குள் முடிக்க வேண்டும்.

அக்டோபர் 20, தீபாவளி

போன் சிக்னலுக்காகக் குன்றின்மேல் ஏறினேன். உன் அக்காள் எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்களா என்று கேட்டாள். இந்தக் குளிரில் குளித்தால் அப்படியே தூக்கிப் போய்ப் புதைக்க வேண்டியதுதான் என்றேன். சிரித்தாள். உனக்கு விசா வந்துவிட்டதாம். "அவனுக்கு ரோடெல்லாம் நல்லாச் சொல்லிக் குடுங்க, அவன் உங்களை மாதிரி இல்லை, பயப்படுவான்" என்றாள். தெயோபிலோவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

இறங்கி வரும்போது நியெவெஸ் கழுதையில் தண்ணீர் ஏற்றி வருவதைப் பார்த்தேன். நான் ஒதுங்கி நின்றேன். அவர் கழுதையை ஒதுக்கிக்கொண்டு வேறு வழியாகப் போனார்.

அக்டோபர் 24, வெள்ளி

டீசல் தீர்ந்தது. மடத்து ஜீப்பின் டிரைவருக்குக் காய்ச்சல், அதனால் நானே ஜீப்பை எடுத்துக்கொண்டு சிஸ்டரோடு டவுனுக்கு இறங்கினேன். கணவாய் தாண்டியதும் முன்னால் சுரங்கத்து லாரி ஒன்று, பாரத்தோடு ஊர்ந்து போனது. வலது விளக்கு போட்டான். சரி, எதிரில் வண்டி என்று பொறுமையாகப் பின்னாலேயே போனேன். எதிரில் ஒன்றும் வரவில்லை. மறுபடி வலது விளக்கு. மறுபடி பொறுத்தேன். இப்படியே ரொம்ப தூரம். ஜன்னலில் கையை விட்டு ஆட்டவும் செய்தான்.

"போகச் சொல்லுதான் போலிருக்கே அண்ணாச்சி" என்றார் சிஸ்டர்.

"லைட்டு வலது போட்டிருக்கானுங்களே. கையை நம்பறதா, லைட்டை நம்பறதா?"

கீழே ஒரு கடையில் அந்த லாரியும் நின்றது, நாங்களும் நின்றோம். அவன் சூடாக எதையோ குடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

"வழி முழுக்க உனக்கு வலது விளக்கு போட்டுக்கிட்டே வந்தேனே, ஏன் போகலை, தூங்கிட்டியான்னு கேக்காரு."

"வலது போட்டா வராதேன்னுதானே சிஸ்டர் அர்த்தம்?"

அவர் அதைச் சொன்னார். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையால் காட்டினான். வலது கையை வெளிப்பக்கமாகத் தள்ளி: நான் ஓரம் போகிறேன், நீ போ. இடது கையை நடுவில் நிறுத்தி: நான் நடுவில் நிற்கிறேன், வராதே. குழந்தைக்குச் சொல்வது போல இரண்டு தரம் காட்டினான். இந்த மலையில் எல்லோருக்கும் இதுதான் என்றான்.

நம் ஊரில் ஓரம் என்பது இடது. இங்கே ஓரம் வலது.

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் டீசல் பிடித்தேன், கேன்களைக் கட்டினேன், ஜீப்பை ஓட்டிக்கொண்டு மேலே வந்தேன். கொண்டை ஊசி வளைவில் ஊர்க்காரர்கள் ஒரு சிலுவை நட்டு, தொப்பி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 25

கையை ஆட்டி நன்றிதான் சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 27, திங்கள்

நல்லசிவத்திடம் சொன்னேன். ராடுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டே கேட்டான். கேட்டு முடித்து வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இதை வெளிய சொல்லிப்போடாதீங்க. போலீஸ் முடிச்சுட்டுப் போயாச்சு. இப்பப் போயி எனக்கு லைட்டுத் தெரியாமப் போச்சுன்னு சொன்னீங்கன்னா ரோட்டு வழக்கம் தெரியாதவனுக்கு யாருடா லைசென்ஸ் குடுத்ததும்பாங்க. உள்ள வெச்சாலும் வெச்சுருவாங்க. பாஷை தெரியாத ஊருங்ணா."

"அந்தம்மா கேட்டுதேடா, ஏன் விட்டீங்கன்னு."

"நீங்க விடலைதானே? அதையேதான் சொன்னீங்க. பொய்யா சொன்னீங்க?"

பொய் சொல்லவில்லை. இரண்டு தரம் உண்மையைச் சொன்னேன். போலீஸிடம் வலது என்றேன், அந்த அம்மாளிடம் விடவில்லை என்றேன். அவர்கள் காதில் முதலாவது 'போ என்று விட்டேன்' என்று விழுந்தது, இரண்டாவது பச்சைப் பொய்யாக விழுந்தது. இப்போது போய் விளக்கினால் சாக்கு மாதிரி இருக்கும். சொல்லாவிட்டால் இவர்கள் பார்வையில் ஒரு ஆளைத் தெரிந்தே பள்ளத்துக்கு அனுப்பிவிட்டு மழுப்புகிறவன் நான். அது கூடப் பரவாயில்லை. ஆனால் அவசரக்காரர், அதனால்தான் செத்தார் என்று அவரைப் பற்றி ஒரு பேப்பர் இருக்கிறது. அவர் அவசரப்படவில்லை. முன்னால் இருந்த பெரிய வண்டி போ என்று சொன்னது, அவர் போனார்.

ஸ்டீயரிங், கியர், கண்ணாடி என்று எல்லாவற்றையும் மாற்றிப் பழகினேன். இதை மட்டும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. உனக்குக் கூடப் பெருமையாக எழுதி வைத்தேன், ஊர் மாறினாலும் விட்டுவிடாதே என்று. அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

காலையில் தண்ணீர் வந்தது. முதலில் ஈரப் புழுதி, பிறகு சேறு, பிறகு பீய்ச்சி அடித்தது. ஐஸ் மாதிரி குளிர். தூரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். பெண்கள் தொப்பியைக் கழற்றி அதில் பிடித்துக் குடித்தார்கள். நல்லசிவம் அழுதான். எத்தனையோ போர் போட்டிருக்கிறான், அவன் அழுது நான் பார்த்ததில்லை.

நியெவெஸ் குடிக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் பிடித்து மூடி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

பம்ப் இறக்க இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குப் பிறகு நாங்கள் கிளம்பிவிடலாம். கிளம்பிவிடலாம் என்று எழுதும்போது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

இங்கே இன்று செத்தவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகும் நாள். நம் அமாவாசைப் படையல் மாதிரிதான், ஆனால் காக்காய்க்கு வைப்பதில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் போடுகிறார்கள். இன்று வாசலுக்கு வரும் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாதாம். அதனால் எனக்கும் அழைப்பு.

மேஜைமேல் கறுப்புத் துணி. பொம்மை வடிவில் சுட்ட ரொட்டி, உருளைக்கிழங்கு, ஒரு பாட்டில் பீர், இலை, அவருடைய பழைய செருப்பு. நடுவில் அந்தத் தண்ணீர்க் கிண்ணம். மச்சினன் மூலையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நல்லசிவம் என் சட்டையைப் பிடித்து இழுத்தான், சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம் என்று.

"சிஸ்டர், நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்" என்றேன்.

சொன்னேன். எங்கள் ஊரில் வண்டி போவது எந்தப் பக்கம் என்பதில் தொடங்கி, கை தானாகப் போனது வரைக்கும். நான் அவரைப் பார்த்து வராதே என்று விளக்கால் கத்தினேன், என் பாஷையில் கத்தினேன், அது அவர் பாஷையில் வா என்று இருந்தது, எனக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளாமல் இந்த ரோட்டில் ஏறியது என் தப்பு என்று சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அவர் கொடுத்தாக வேண்டும் என்பது போல இருந்தது.

நியெவெஸ் எழுந்து வெளியே நடந்தார். வண்டியைக் காட்டி ஏதோ சொன்னார்.

"போட்டுக் காட்டணுமாம்" என்றார் சிஸ்டர்.

நான் கேபினில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். அவர் வண்டிக்குப் பின்னால், பிக்கப் வந்துகொண்டிருந்த இடத்தில் என்று சொல்லலாம், அங்கே போய் நின்றார். வலது போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன், அவர் முகத்தின் ஒரு பக்கம் மஞ்சளாகி இருண்டு மஞ்சளானது. இடது போட்டேன். மறுபடி வலது போடச் சொன்னார். எத்தனை தரம் போட்டேன் என்று தெரியவில்லை. ஊரே வந்து அவருக்குப் பின்னால் நின்றது.

நான் இறங்கி வந்ததும் அவர் பேசினார், மெதுவாக, சிஸ்டரைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

"அப்ப அவரு அவசரப்பட்டுச் சாகலைங்காவ. பேப்பர்ல அவசரம்னு எழுதியிருக்கு, பிள்ளைங்க பெரிசானா அதைத்தான் படிக்கும், அதை மாத்தணும்ங்காவ. நீங்க டவுனுக்கு வந்து போலீஸ்கிட்ட சொல்லணுமாம்." சிஸ்டர் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார், குரலைத் தாழ்த்தி. "சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. அதையும் நான் சொல்லணும்லா."

நல்லசிவம் வேண்டாம் என்று தலையாட்டினான்.

"வர்றேன்னு சொல்லுங்க" என்றேன்.

அந்த அம்மாள் உள்ளே போய் எனக்கு ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்தார். ஒரு கையால்தான் கொடுத்தார். கையில் கொடுத்தார்.

நவம்பர் 5, புதன்

நேற்று இறங்கினோம். முதல் மழை பெய்து ரோடு வழுக்குகிறது. கேபினில் என் பக்கத்தில் நியெவெஸ், ஜன்னலோரம் சிஸ்டர், பின்னால் நல்லசிவம்.

குமரேசா, இதைக் கவனமாகப் படி.

சிலுவை இருக்கிற வளைவுக்குக் கொஞ்சம் கீழே, பின்னால் ஒரு வேன் சேர்ந்துவிட்டது. ஆட்கள் நிறைய. ஹாரன் அடித்தது, இரண்டு இரண்டாக. கீழ் வளைவில் பஸ் ஒன்று ஏறி வருவதை நான் பார்த்துவிட்டேன். வராதே என்று சொல்ல வேண்டும். வராதே என்றால் இங்கே இடது. எனக்கு அது தெரியும். பன்னிரண்டு நாளாகத் தூங்காமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஊருக்கு முன்னால் போட்டுக் காட்டியவன் நான்.

என் கை வலது விளக்கைப் போட்டது.

டிக் டிக் என்று சத்தம் கேட்டது, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எப்போதும் கேட்கிற சத்தம்தானே. நியெவெஸ் டாஷ்போர்டில் மின்னிய அம்பைப் பார்த்துவிட்டு என் கையின்மேல் ஓங்கி அடித்தார். ஒரு வார்த்தை கத்தினார். சிஸ்டர் அதைத் தமிழில் சொல்வதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. இடதுக்கு மாற்றினேன். கண்ணாடியில் வேனின் மூக்கு பாதி வெளியே வந்திருந்தது. அது பின்வாங்கியது. பஸ் சேற்றை வாரி இறைத்து எங்களை உரசிக்கொண்டு ஏறிப் போயிற்று. ஜன்னல்களில் பள்ளிக்கூடச் சட்டைகள்.

வண்டியை நிறுத்தினேன். இறங்கிப் போய் வளைவில் நின்று பார்த்து, வேனைக் கையால் போகச் சொன்னேன். வேன்காரன் கையைத் தூக்கி ஆட்டிவிட்டுப் போனான். நான் திரும்பி வந்து ஏறுகிறவரை நியெவெஸ் அதே இடத்தில் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு வளைவுக்கு வளைவு அவரே அந்த வார்த்தையைச் சொன்னார். நான் அவர் சொன்னதைப் போட்டேன்.

போலீஸ் ஸ்டேஷனில் நான்காம் முறையாக அதே உண்மையைச் சொன்னேன். இந்த முறை எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்டது. அவசரம் என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதி நியெவெஸிடம் ஒரு நகல் கொடுத்தார்கள். அவர் அதை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். என் லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். ஊரை விட்டுப் போகக் கூடாது, நீதிபதி கூப்பிடும்போது வர வேண்டும் என்றார்கள். எப்போது என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறார்கள். உன் அக்காளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ முந்திக்கொள்ளாதே.

ரிக் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. இந்த டைரியை நல்லசிவம் உன்னிடம் கொடுப்பான். அக்டோபர் 6-ஆம் தேதி விளக்கைப் பற்றி நான் எழுதியதை அடித்திருக்கிறேன், ஆனால் கிழிக்கவில்லை. அதையும் படி.

டவுன் தாண்டினால் பலகைப் பாலம், இறங்கி நடந்து பார்த்துவிட்டு வண்டியை ஏற்று. பாலம் தாண்டினால் மண்ரோடு. கணவாய்க்கு முந்தின வளைவில் தொப்பி கட்டிய சிலுவை. அங்கே எதிரில் வண்டி வந்தால் அம்மா பக்க விளக்கைப் போடு. உன் கை அப்பன் பக்கம்தான் போகும். உனக்குத் தெரிந்திருந்தாலும் போகும். பக்கத்தில் இந்த ஊர் ஆள் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டு, அவர் அடித்தால் கோபித்துக்கொள்ளாதே.